பதினேழாம் நம்பர் மனை

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிற வழியில் நீ அதைச் சொன்னாய். "பத்து நிமிச வேலைம்மா. ஒரு டிராக்டர் போதும்." கல்யாணம் முடிந்து நீயும் ரீட்டாவும் திருச்சியில் குடிபுகுந்த பிறகு முதல் தடவையாகக் காரைக்குடிக்கு வந்திருந்தாய். ரீட்டா அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டாம் என்று குரலைத் தணித்தாய். குரலைத் தணித்துச் சொல்கிற காரியம் எதுவும் பத்து நிமிடத்தில் முடிவதில்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ "யோசிம்மா" என்று சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போனாய்.

யோசித்தேன். நீ சொன்னதை முதலில் எனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கப் போகிறாய். திருச்சிக்கு வெளியே ஒரு நண்பனோடு சேர்ந்து நிலம் பார்த்திருக்கிறாய். உன் பங்குக்குக் கையில் ஒன்றும் இல்லை. அமராவதிபுதூர் பக்கம் என் பேரில் கிடக்கிற பதினேழாம் நம்பர் மனையை விற்றுத் தர வேண்டும். ஆளும் கிடைத்துவிட்டது. குவைத்தில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், லீவில் வந்திருக்கிறாள். இடத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் அதில் நிற்கிற மூன்று கற்களையும் எடுத்து எங்காவது போட்டுவிட வேண்டும். வருகிற திங்கட்கிழமை பத்திரம். நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "அவங்களும் நம்ம வேதக்காரங்கதாம்மா, அவங்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது" என்றாய். அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். வேறு வாயில்.

தொழில் தொடங்குகிற மகனுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது முறை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு மனை. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். மனை வாங்குகிற எல்லோருக்கும் இது பொருந்துமா, தெரியாது. உனக்குப் பொருந்தும்.

நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். கழனிவாசல் பக்கத்து வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வீட்டையும் அப்படித்தான் காலி பண்ணினோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்வார்கள். மாதா படத்தை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். உன் அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர், நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இரண்டு சம்பளம். ஆணி அடிக்க ஒரு சுவர் இல்லை. மனை வாங்கினவர்கள் எல்லோரும் முதலீடு என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை உன் அப்பாவும் பழகிக்கொண்டார். எனக்கு அது முதலீடாகத் தோன்றவில்லை. ஆணியாகத்தான் தோன்றியது.

மனை போட்டு விற்கிற மாணிக்கம் அப்போது பெரிய ஆள் இல்லை. ஒரு வேன், ஒரு பிளான் தாள், கேட்டவர்களுக்கெல்லாம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு நிற்பான். "பூசை கேட்டு வாரவுகளுக்குத்தேன் மனசு எளகியிருக்கும், இவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று உன் அப்பா சிரித்துக்கொண்டே ஏறினார். செம்மண் கரடு. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் வரிசையாக. நடுவில் ரோடு என்று சொல்லி டிராக்டர் ஓட்டின தடம். மாணிக்கம் பிளானை வேன் பானட்டில் விரித்தான். எல்லாக் கட்டத்திலும் சிவப்புப் பென்சில். பதினேழில் மட்டும் இல்லை. கிழக்கு பார்த்த மூலை மனை, இரண்டு பக்கம் வழி, விலையும் மற்றதைவிடக் குறைச்சல்.

"இது மட்டும் ஏன் கம்மி?" என்று உன் அப்பா கேட்டார்.

"அங்குட்டுப் பாருங்க சார்." மனையின் வடக்கு மூலையில் ஒரு உடைமரம். அதன் அடியில் முழங்கால் உயரத்தில் மூன்று கற்கள். எண்ணெய்க் கருப்பு. பக்கத்தில் துருப்பிடித்த அரிவாள் ஒன்று மண்ணில் குத்தி நின்றது. "வருசத்துக்கு ஒருதரம் யாராச்சும் வந்து சூடங் கொளுத்திட்டுப் போவாய்ங்க. அதப் பாத்துட்டு நம்ம ஆளுக வாங்கப் பயப்படுறாய்ங்க. ஒங்களுக்குத்தேன் அந்தச் சங்கடமே கெடையாதே. நீங்க வேதக்காரக. ஒங்களுக்குன்னே கர்த்தரு ஒதுக்கி வச்சிருக்காரு."

"கர்த்தரு வெலையும் சொல்லிவிட்டாரா?"

"அத எங்கிட்ட விட்டுட்டாரு சார்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது வேனில் உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நம்ம யோகத்தப் பாத்தியா" என்றார். அடுத்தவர்களின் பயம் நமக்குத் தள்ளுபடி. அப்படித்தான் நினைத்தோம். புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம். விலை ஏன் குறைவு என்று கேட்டோம், பதிலும் வந்தது, அந்தப் பதிலை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டோம். யார் வந்து சூடம் கொளுத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. அது நம் சாமி இல்லை, நாம் கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு கூச்சம். நம் ஆட்களுக்கே உண்டான கூச்சம் அது. பக்கத்து வீட்டில் மாவிளக்குப் போட்டால் எதற்கென்று கேட்க மாட்டோம். கேட்டால் கும்பிடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். நிலம் வாங்கும்போது அந்தக் கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இது உனக்குச் சொல்கிற முதல் புத்திமதி. உனக்கு அது தேவைப்படாது. உனக்குக் கூச்சமே இல்லை.

காகிதங்களை ஒழுங்காகத்தான் பார்த்தோம். நீ நினைப்பது போல ஏமாளிகள் இல்லை. மூலப்பத்திரம் கேட்டு வாங்கி, வக்கீலிடம் காட்டி, பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, பட்டாவை ஒத்துப் பார்த்து, சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து, எல்லாம் செய்தோம். உன் அப்பா வங்கியில் மற்றவர்களின் பத்திரத்தைப் பார்த்துப் பழகியவர். எல்லாம் சுத்தம் என்றார். சுத்தமாகத்தான் இருந்தது. வில்லங்கச் சான்றில் எழுதிப் பதிந்ததுதான் வரும், அருள். எழுதாமல் காலங்காலமாக நடந்து வருவது அதில் வராது. வருடத்துக்கு இரண்டு ராத்திரி ஒரு லாரி நிறைய ஜனம் வந்து இறங்குவதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை. பிளானில் முப்பது அடி என்று போட்ட ரோடு தரையில் பதினெட்டு அடிதான் இருந்தது. பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தை இரண்டு வருடம் கழித்து மாணிக்கமே மனையாக்கி விற்றான். கேட்டதற்கு, "பூங்காவுல யாரு டீச்சர் வந்து ஒக்காரப் போறா?" என்றான். கரண்டுக் கம்பம் வரும் என்றான். இன்று வரை வரவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ விற்கப்போகிற மனைகளுக்கும் பிளான் தாள் அவனே போட்டுத் தருவதாக நீதான் சொன்னாய்.

மனை வாங்கின மறு வருடம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் பார்த்தோம். கடைக்கால் வரைக்காவது போட்டுவிடுவோம், மேலே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பலாம் என்று கணக்கு. கொத்தனார் சூசை வந்தார். நம் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர். கயிறு பிடித்தார், சுண்ணாம்பு போட்டார், உடைமரத்துக்கு வந்ததும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"எடுத்துப் போட்டுருங்க சூசை" என்றார் உன் அப்பா.

"நீங்க எடுத்துத் தாங்க சார். நான் தோண்டுறேன்."

"ஏன், நீங்களும் வேதக்காரகதானே?"

"வேதக்காரன்தேன். எங்க தாத்தா வேதத்துக்கு வரையில சாமிகிட்டச் சொல்லிக்கிட்டு வரலை சார். அதுனால ஒரு இது."

உன் அப்பா சிரித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே போனார். குனிந்தார். நடுக்கல்லின் தலையில் கை வைத்தார். "கனமா இருக்கு" என்றார். தூக்கிப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். சுண்ணாம்புக் கோடு அடுத்த மழையில் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவைக் கோழை என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக. இப்போது நீ என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அந்த மாசியில் கருப்பையா வந்தார். திருப்பூரில் சொந்த லாரி ஓட்டுகிறவர். அந்தக் கற்களைக் கும்பிடுகிற பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர். நேராக மனைக்குப் போகாமல், விலாசம் விசாரித்துக்கொண்டு நம் வாடகை வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். "டீச்சரம்மா, எடம் கைமாறிருச்சுன்னு கேள்விப்பட்டோம். நல்லவுக கைக்குத்தேன் போயிருக்கு. சிவராத்திரிக் களரிக்கு ரெண்டு ராத்திரி வந்து தங்கிக் கும்புட்டுட்டுப் போயிருவோம். நீங்க உத்தரவு குடுக்கணும்." தட்டில் வெற்றிலை, பழம், தேங்காய். எங்கள் முகத்தில் என்ன இருந்ததோ, அவராகவே, "ஒங்களுக்கு ஆகாதுன்னா நீங்க வர வேணாம். உத்தரவு மட்டும் குடுங்க" என்றார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கேட்கிறபோது என்ன சொல்வது? நான் "சரிங்க" என்றேன். தட்டை வாங்கிக்கொண்டேன். அந்த "சரிங்க" பிற்பாடு என்ன விலை பெறும் என்று தெரியாது.

சிவராத்திரி முடிந்த மூன்றாம் நாள் ஒரு பையன் தூக்குவாளியோடு வந்தான். வெட்டின கிடாயில் இடத்துக்காரருக்கு ஒரு பங்கு. அது அவர்கள் வழக்கமாம். நம்முடைய சாம்பல் புதனும் அவர்களுடைய சிவராத்திரியும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் விழும். தவக்காலம் தொடங்கியிருந்தது. நெற்றியில் சாம்பல் பூசி வந்து நாள் ஆகவில்லை, கையில் ஒரு வாளி ஆட்டுக்கறி. திருப்பி அனுப்பினால் அவமரியாதை. வாங்கி, பின்பக்கமாகப் போய், வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். "எம்புட்டு நல்ல கறி டீச்சர், எங்க வாங்கினீக?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் கொடுத்தது என்றேன். வருடா வருடம் இது நடந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் ஒருதரம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய். அந்த மனையிலிருந்து நமக்கு வந்த ஒரே வரும்படி அதுதான். அதையும் நம்மிடம் வாடகை வாங்கியவர்கள்தான் சாப்பிட்டார்கள்.

சுற்றியிருந்த மனைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. பதினாறாம் நம்பர் மூன்று தரம் விற்றது, ஒவ்வொரு தரமும் விலை ஏறி. நிலம் என்றைக்கும் ஏறும், இறங்காது என்று நீ இப்போது எல்லோரிடமும் சொல்கிறாய். ஏறும். பக்கத்து மனை ஏறும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உடைமரத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். உன் அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சுற்றிக் கம்பிவேலி போட்டு, யாரும் நுழையக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கிவிடுவோம் என்று தேவகோட்டைக்கு ஒரு வக்கீலிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"கறி குடுத்தாகளா?"

"குடுப்பாங்க. வருசா வருசம்."

"வாங்கிக்கிட்டீகளா?"

"நாங்க சாப்பிட மாட்டோம் சார். தவக்காலம்" என்றேன் நான்.

"சாப்பிட்டீகளான்னு கோர்ட்டு கேக்காதும்மா. வாங்கினீகளான்னுதான் கேக்கும்." அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெத்தலை வாங்கியிருக்கீக, உத்தரவு குடுத்திருக்கீக, இடத்துக்காரர் பங்கும் வாங்கியிருக்கீக. அவுக வழக்கத்த நீங்களே ஒப்புக்கிட்டீகன்னு எதிர் வக்கீல் நின்னுக்கிட்டே சொல்வாரு. வேலிய விடுங்க, வீட்டுக்குப் போங்க."

பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரத்தில் உன் அப்பா, "நீ ஏன் அந்த வாளிய வாங்கின?" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அந்த வாளி வந்து நடுவில் உட்கார்ந்துவிடும். உப்புக் கூடினால் அது. ரேஷன் கார்டு தொலைந்தால் அது. நீ கல்லூரியில் அரியர் வைத்தபோதும் அதுதான். மனை வாங்குவதில் உள்ள சிரமங்களைப் பற்றி யாராவது எழுதினால் இதை எழுத மாட்டார்கள். ஒரு துண்டு நிலம் இரண்டு பேர் தூங்குகிற கட்டிலுக்கு நடுவில் வந்து படுத்துக்கொள்ளும் என்று எந்த வக்கீலும் சொல்ல மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போனது வாடகை வீட்டில். நீ அங்கே இருந்தாய். ஆனால் இதைக் கேட்டிருக்க மாட்டாய், நீ சவப்பெட்டி சொல்லப் போயிருந்தாய். வீட்டுக்காரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். நிஜமாகவே அழுதார். பிறகு மெதுவாக, "டீச்சர், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துருவீகளா? நாளைக்குச் சின்னவளப் பொண்ணு பாக்க வாராக" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வீடு. அவர் மகள். ஊரிலிருந்து உன் அப்பாவின் தங்கை வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். அவள் வந்து வெறும் பெஞ்சைப் பார்த்து அழுதாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் அந்த மனையை எப்படியாவது தள்ளிவிடுவதுதானே நல்லது என்று நீ கேட்பாய். நல்லதுதான். எனக்கு அந்தச் சாமி மேல் பக்தி கிடையாது. பயமும் கிடையாது. கோபம் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக யாராவது அந்தக் கற்களைக் கொண்டுபோய்விட மாட்டார்களா என்று நானே நினைத்திருக்கிறேன். நான் உன்னைவிட நல்லவள் என்று நினைத்து இதை எழுதவில்லை. நீ சொன்ன பிறகு ஒன்றை மட்டும் யோசித்துப் பார்த்தேன். நீ திங்கட்கிழமை பத்திரம் முடித்து வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுவாய். மாணிக்கம் தரகை எடுத்துக்கொள்வான். அந்த நர்ஸ் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, இரண்டு பிள்ளைகளோடு தன் அம்மாவை அங்கே குடிவைத்துவிட்டு குவைத்துக்குப் போவாள். மாசியில் லாரி வரும். பெண்கள், குழந்தைகள், கட்டின கிடாய், தலையில் சாமிப் பெட்டி. கருப்பையா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உத்தரவு கேட்பார். கல் எங்கே என்று கேட்பார். பதில் சொல்ல அங்கே நீ இருக்க மாட்டாய். ஒரு வயசான பொம்பிளையும் இரண்டு குழந்தைகளும் இருப்பார்கள். அந்த இடத்தில் எந்த மனிதனும் கோபப்படுவான். நான்கூட.

மாணிக்கம் நமக்குச் செய்தது இதைவிட யோக்கியம், அருள். அவன் கல்லைக் காட்டித்தான் விற்றான். நீ அதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அதனால் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஸ்டெல்லா என்று பேர். திருப்பத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீதான் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாய், பத்திரத்தன்று நான் பேசிக்கொள்வதற்கு. மூன்று கல் இருப்பதைச் சொன்னேன். கருப்பையாவைச் சொன்னேன். லாரியைச் சொன்னேன். கறியையும் சொன்னேன்.

"வருசத்துக்கு எத்தன நாளு டீச்சர்?"

"ரெண்டு ராத்திரி."

ஒரு சிரிப்பு. "எங்க மாமியா வீட்டுச் சனம் வருசத்துல நாலு மாசம் வந்து உக்காந்திருக்கு. அவுகளுக்கு எங்கம்மாதேன் ஆக்கிக் கொட்டணும். இவுக கறியும் குடுத்துட்டுப் போவாக போலருக்கே." பிறகு குரல் மாறியது. "அந்த மூலைய விட்டுட்டுக் கட்டிக்கிறோம் டீச்சர். நடுவுல ஒரு சுவரு வச்சா அவுக பாட்டுக்கு அங்குட்டு, நாங்க இங்குட்டு. வெலையக் கொறைச்சுக்குவீகதானே?"

அந்த மூலையை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்கிறோம்.

நான் பூத்துக்குள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் உன் அப்பாவோ நானோ அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. எடுப்பது, வேலி போடுவது, வழக்குப் போடுவது, விற்பது, இதையெல்லாம் பேசினோம். விட்டுவிட்டுக் கட்டுவதைப் பேசவே இல்லை. முனி நிற்கிற இடத்தில் வீடு கட்டினால் மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருவாரா என்று உன் அப்பா ஒருதரம் கேட்டார். போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார், வராமல் போயிருப்பார், யாருக்குத் தெரியும். முழுசாக நம்முடையது என்று இருந்தால்தான் சொந்தம் என்று நினைத்தோம். ஒரு மூலை குறைந்தால் சொந்தம் இல்லை என்று நினைத்தோம். மூலையை விட மனசில்லாமல் முழு மனையையும் வெறுமனே போட்டுவைத்தோம். உன் அப்பா அடுத்தவன் வீட்டிலிருந்து அவசரமாக வெளியே போனார். இருபத்தெட்டு வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பேரம் பேசிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

குறைக்கிறேன் என்றேன். அவள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே குறைத்தேன். அந்தக் குறைச்சல் முழுக்க உன் பங்கில்தான் போகும். மிச்சம் உனக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் திருச்சி நிலத்துக்கு அது காணாது. உன் நண்பன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். தொழில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப் போகும். தள்ளிப் போகட்டும் என்றுதான் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்றுப் பத்திர எழுத்தரிடம் போனேன். சொத்து விவரத்தில், வடக்கு மூலையில் உள்ள மூன்று கற்களும், அவற்றைக் கும்பிடுகிறவர்கள் வருடத்தில் இரண்டு ராத்திரி வந்துபோகிற வழியும் இருந்தபடிக்கே இருக்கும் என்று எழுதச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், இப்படி யாரும் எழுத மாட்டாக. எழுதினா அப்புறம் இந்த மனை எந்தக் காலத்துலயும் வெல போகாது." வாங்குகிறவளுக்குத் தெரியும் என்றேன். "அவுகளுக்குத் தெரியும். அவுகளுக்குப் பெறகு வாங்குறவுகளுக்குத் தெரிய வேணாமே." அவர்களுக்குத் தெரிவதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன் என்றேன். எழுதினார். வாசித்துக் காட்டினார். ஒன்றரை வரிதான் வந்தது.

திருப்பூருக்கும் போன் போட்டேன். கருப்பையா லோடு ஏற்றிப் போயிருந்தார், அவர் மருமகள் எடுத்தாள். ராத்திரி வீட்டுக்காரம்மா போனுக்கு அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "பத்திரத்துல எங்க சாமி பேரு வருதா டீச்சரம்மா?" என்று கேட்டார். பேர் வராது, கல் என்றுதான் வரும் என்றேன். "கல்லுன்னாலும் சரித்தேன்" என்றார். நமக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

இனி உன் இஷ்டம். இதைப் படித்ததும் உனக்கு என் மேல் வருகிற கோபம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தோடே நீ மாணிக்கத்திடம் போகலாம். உனக்கு அவன் வேறு மூலை மனை காட்டுவான், உங்களுக்கு அந்தச் சங்கடம் கிடையாது என்று வேறு யாரிடமாவது எடுத்துச் சொல்ல உனக்குக் கற்றுத் தருவான். நீ நன்றாக வருவாய். அந்தத் தொழிலுக்கு வேண்டிய குரல் உன்னிடம் இருக்கிறது, அதைத் தணிக்கவும் தெரிகிறது. ஈஸ்டருக்கு வராமலும் இருக்கலாம். ரீட்டாவுக்கு என்ன காரணம் சொல்வாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் பதிவு அலுவலகத்தில் இருப்பேன். பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் கருப்பையா, ஞாயிற்றுக்கிழமையே லாரி எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார். இன்னொருவர் யார் என்று எழுத்தர் கேட்டார். அலுவலக வாசலில் டீக்குச் சாட்சி போடுகிறவர்கள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். உன் பேரைச் சொல்லி எழுதச் சொன்னேன். அப்பா பேர், விலாசம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. எங்கள் டோக்கன் பதினோரு மணிக்கு வரும்.

அம்மா